நாலு பேர் குழுவுக்கு எந்த முறை? நெல்லையில் வெப் வேலை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வெப்சைட் செய்துகொடுக்கும் தொழிலைத் தொடங்கினால், வேலையை எந்த முறையில் நடத்துவது என்று முதல் மாதத்திலேயே ஒரு விவாதம் கிளம்பும். அஜைலா, ஸ்க்ரமா, கன்பானா? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் சீனியரைக் கேட்டால் தன் கம்பெனியில் நடப்பதைச் சொல்வார். அவர் சொல்வது சரிதான், அவர் கம்பெனிக்கு.

இரண்டு பேர் முதல் எட்டுப் பேர் வரை உள்ள குழுக்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சி இது: எந்த முறை என்பதை முடிவு செய்ய உங்கள் குழுவைப் பார்க்காதீர்கள், வேலை கொடுப்பவரைப் பாருங்கள். ஒரு சந்தேகம் கேட்டால் அவரிடமிருந்து எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதுதான் முறையைத் தீர்மானிக்கும். திறமை, டூல், ஆள் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘முறை’ என்ற பேரில் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறோம். ஒன்று, வேலையை நடத்தும் முறை: எதை முதலில் செய்வது, எப்போது காட்டுவது, மாற்றம் கேட்டால் என்ன செய்வது. ஸ்க்ரம், கன்பான், வாட்டர்ஃபால் எல்லாம் இந்தப் பக்கம். மற்றது, கோடு (புரோகிராம்) எழுதும் முறை: பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) எப்படிப் பிரிப்பது, பெயர் எப்படி வைப்பது, யார் படித்துப் பார்ப்பது, எதை டெஸ்ட் செய்வது. முதலாவது கிளையன்டுக்குக் கிளையன்ட் மாறலாம். இரண்டாவது மாறக்கூடாது. ஆறு ப்ராஜெக்ட் ஓடினாலும் ஆறிலும் கோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் லீவு போட்டால் அவர் வேலையை இன்னொருவர் தொடமுடியாது.

படி 1: வேலை கொடுப்பவரை எடைபோடுங்கள்

கையில் இருக்கும் வேலைகளையும் அடுத்து வரப்போவதையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் குறிக்க வேண்டும். எது மாறாதது: தேதியா, தொகையா, செய்ய வேண்டியவற்றின் பட்டியலா? கேள்வி கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? ‘முடிந்தது’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

டவுனில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, பத்தமடையில் கோரைப்பாய் விற்பவர், கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர். இவர்களிடம் டிசைனைக் காட்டினால், “நல்லாத்தான் இருக்கு, பாத்துட்டுச் சொல்லுதேன் தம்பி” என்பார்கள். சொல்ல இரண்டு வாரம் ஆகும். தீபாவளி நேரமென்றால் அந்த மாதத்தை மறந்துவிடலாம். பிறகு ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் வரிசையாக வாய்ஸ் மெசேஜ் வந்து விழும், ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வெப்சைட் அன்றைய நாளின் கடைசி வேலை. தாளில் ‘பதில்: 10 முதல் 15 நாள்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவருக்குத் தேதிதான் மாறாதது. தென்மேற்குப் பருவமழை இறங்கி ஜூனில் சீசன் தொடங்கிவிடும். ரூம் புக்கிங் பக்கம் செப்டம்பரில் தயாரானால் அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும். கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், அரசு அலுவலகம் மாதிரி இடங்களில் பட்டியல் மாறாதது. டெண்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்தால்தான் பில் பாஸாகும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஆடிட்டில் கணக்கில் வராது.

வெளிநாட்டு வேலையும் நம் பக்கம் நிறைய வரும். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு வளைகுடாவில் சொந்தக்காரர்கள் உண்டு, அவர்கள் வழியாக அங்குள்ள கடைகளின் வேலை வரும். துபாய் நமக்கு 1.30 மணி நேரம் பின்னால், சவூதி 2.30 மணி நேரம் பின்னால். சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆபீஸில் உட்கார்ந்து கேள்வி அனுப்புவார், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் 9.30 மணி நேரமும் குளிர்காலத்தில் 10.30 மணி நேரமும் பின்னால். ஆனால் அங்குள்ள கம்பெனிகளில் பெரும்பாலும் ஒரு ஆளை உங்களுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள், கேட்டால் மறுநாளே பதில் வரும்.

இவை எதிலும் சேராத ஒன்று, சொந்த ப்ராடக்ட். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் சோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் போட்டதைப் பார்த்து, நாமும் ஏன் சொந்தமாக ஒன்று செய்யக்கூடாது என்று நினைக்கும் பையன்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் ப்ராடக்ட் கம்பெனியில் எதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பவர் அதே கட்டடத்துக்குள் இருக்கிறார். கிளையன்ட் வேலை செய்யும் உங்களுக்கு அவர் ரதவீதிக் கடையின் கல்லாவில் இருக்கிறார். அவர்கள் முறையை அப்படியே எடுத்து இங்கே போட்டால் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

படி 2: வேலைக்கேற்ற முறையைப் பொருத்துங்கள்

பதில் மெதுவாக வரும் உள்ளூர்க் கிளையன்டுகளுக்குக் கன்பான். இது டொயோட்டா கார் ஆலையில் தைச்சி ஓனோ கொண்டுவந்த அட்டை முறையிலிருந்து வந்தது. சாஃப்ட்வேர் வேலைக்கு அதைப் பொருத்திக் காட்டியவர் டேவிட் ஆண்டர்சன். ஒரு போர்டு, அதில் சில கட்டங்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. ட்ரெல்லோ என்ற ஆப்பில் செய்யலாம், சுவரில் சார்ட் ஒட்டியும் செய்யலாம். போர்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கன்பானின் உயிர் போர்டில் இல்லை, ‘நடக்கிறது’ கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பில் இருக்கிறது. வரம்பு இல்லாவிட்டால் அது வெறும் பட்டியல்.

வரம்பு ஏன் வேண்டும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிப்படி, ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நேரம் என்பது, நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. உங்கள் குழு வாரத்துக்கு 3 அட்டை முடிக்கிறது, கையில் 12 அட்டை திறந்து கிடக்கிறது என்றால், சராசரியாக ஒரு அட்டைக்கு 4 வாரம். அதே வேகத்தில், 6 அட்டை மட்டும் திறந்து வைத்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. அண்ணாச்சி மட்டும், “பரவால்லையே, சீக்கிரம் முடிச்சிட்டிய” என்பார். நாலு பேர் குழுவுக்கு வரம்பு 4 அல்லது 5 வையுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: ‘கிளையன்ட் பதிலுக்குக் காத்திருக்கிறது’. இதை ‘நடக்கிறது’ கட்டத்திலேயே விட்டுவைத்தால் வரம்பு அடைத்துக்கொள்ளும். தனியாகப் பிரித்தாலோ, அங்கே போனதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதனால் அதற்கு இரண்டு விதி. ஒரு அட்டை அங்கே 7 நாளைத் தாண்டினால் வாட்ஸப் அனுப்பாமல் நேரில் போக வேண்டும் அல்லது போன் செய்ய வேண்டும், அதுவும் கடையில் கூட்டமில்லாத மதியம் மூன்று மணி போல. ஒரே கிளையன்டின் அட்டை 3 அங்கே நின்றால், பதில் வரும்வரை அவருடைய புதிய வேலை எதையும் எடுக்கக்கூடாது. கறாராகத் தோன்றும். ஆனால் இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஆறாவது மாதத்தில் சொன்னால்தான் மனஸ்தாபம்.

ஸ்க்ரம் எங்கே பொருந்தும்? பதில் சொல்ல ஒரு ஆள் நிச்சயமாக இருக்கும் இடத்தில். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் 1995-ல் பொதுவில் முன்வைத்த முறை இது. 2020-ல் அவர்கள் திருத்திய வழிகாட்டியின்படி குழு பொதுவாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு. ஸ்பிரிண்ட், அதாவது ஒரு தவணை வேலை, ஒரு மாதத்துக்குள். தினமும் 15 நிமிடப் பேச்சு. இதெல்லாம் சுலபம். கடினமானது ப்ராடக்ட் ஓனர் என்ற பொறுப்பு: எது முக்கியம் என்று வரிசைப்படுத்தி, கேள்விக்குப் பதில் சொல்லி, செய்ததைப் பார்த்து சரி அல்லது இல்லை என்று சொல்லும் ஒரே நபர். அவர் இல்லாமல் ஸ்பிரிண்ட் ஓட்டினால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் உங்களுக்கே டெமோ காட்டிக்கொண்டிருப்பீர்கள். உள்ளூர்க் கடைக்காக உங்களில் ஒருவரே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதும் ஓடாது. பாயின் விலையை நீங்கள் முடிவு செய்ய முடியாதே!

அமெரிக்கக் கிளையன்ட், சொந்த ப்ராடக்ட், இந்த இரண்டுக்கும் ஸ்க்ரம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஒரு வார ஸ்பிரிண்ட் நல்லது, எஸ்டிமேட் தப்பினால் ஒரு வாரத்தோடு போகும். நாலு பேரில் தனியாக ஸ்க்ரம் மாஸ்டர் (முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவர்) வேண்டாம், கோடு எழுதும் ஒருவரே அதையும் பார்த்துக்கொள்ளலாம். பதில் சொல்ல ஆள் இருக்கும் சவூதிக் கிளையன்டுக்கும் ஸ்க்ரம் எடுத்தால், ரிவ்யூவை (செய்ததைக் காட்டும் கூட்டத்தை) வியாழனில் வையுங்கள், வெள்ளியில் வைத்தால் ஆள் இருக்காது. ஆனித் தேரோட்டம் மாதிரி உள்ளூர் விடுமுறைகளை எஸ்டிமேட் போடும்போதே கழித்துவிட வேண்டும், தேர் இழுக்கிற அன்று டவுனுக்குள் இருக்கும் ஆபீஸுக்கு யாரும் வண்டியில் வந்து சேர முடியாது.

டெண்டர் வேலைக்கு வாட்டர்ஃபால்: ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம். இந்தப் பேரைச் சொன்னாலே முகம் சுளிப்பது நாகரிகமாகிவிட்டது. படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை 1970-ல் போட்டவர் வின்ஸ்டன் ராய்ஸ். அதே கட்டுரையில், இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். புதிய வகை வேலை என்றால் ஒரு சிறு முன்மாதிரியை முதலில் செய்து பார்த்துவிட்டு, பிறகு உண்மையானதைச் செய்யுங்கள் என்பது அவர் யோசனை. படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். நீங்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். பட்டியல், டிசைன், கோடு, சோதனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் பட்டியலிலேயே கடினமான பக்கத்தை (மாணவர் கட்டண ரசீது, உறுப்பினர் கணக்கு மாதிரி) முதல் இரண்டு வாரத்தில் ஒப்பேற்றியாவது ஓடவைத்துப் பார்த்துவிடுங்கள். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தேதி மாறாத குற்றாலம் மாதிரி வேலைக்குப் பேர் பெற்ற முறை எதுவும் தேவையில்லை. ஜூன் 1-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மே 15-ல் சைட் திறந்திருக்க வேண்டும். பட்டியலை இரண்டாகக் கிழியுங்கள்: இல்லாவிட்டால் திறக்கவே முடியாதது, இருந்தால் நல்லது. ரூம் படம், வாடகை, தொட்டால் போன் போகும் பட்டன், இவை முதல் பட்டியல். ஆன்லைன் பேமென்ட் இரண்டாவதில் போனாலும் தப்பில்லை.

அஜைல் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய ஒரு பிரகடனம் அது. நாலு விழுமியங்கள், 12 கொள்கைகள். படிக்கப் பத்து நிமிடம் ஆகாது, படியுங்கள். அதில் செய்முறை எதுவும் கிடையாது. ஆகவே “நாங்கள் அஜைல்” என்று யாராவது சொன்னால், என்ன செய்கிறீர்கள் என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

பணமும் முறையோடு ஒத்துப்போக வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மொத்தத் தொகை பேசிவிட்டு, மாற்றங்களை அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டே போனால் நஷ்டம் உங்களுக்கு. கன்பான் முறையில் நடக்கும் கடை வேலைக்கு, சைட் திறக்கும்வரை ஒரு தொகை, அதன்பின் மாதச் சந்தா, அதற்குள் மாதத்துக்கு இத்தனை அட்டை என்று பேசுங்கள். டெண்டருக்குக் கட்டத்துக்குக் கட்டம் பில். ஸ்க்ரமுக்கு வாரக் கணக்கில் கட்டணம். கிளையன்ட் ஒப்புக்கொள்ளும் கட்டண முறை மாறினால், நடத்தும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

படி 3: ‘முடிந்தது’ என்றால் என்ன என்று எழுதுங்கள்

எந்த முறை எடுத்தாலும் ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு மூன்று வரி வேண்டும்: எது நடந்தால் இது முடிந்ததாக எடுத்துக்கொள்வோம்?

ஒரு உதாரணம். கடைக்காரர் சொல்கிறார்: “திருநெல்வேலி மாவட்டத்துக்கு டெலிவரி இலவசம் போட்டுருங்க.” கேட்டவுடன் உங்கள் ஜூனியர், 627-ல் தொடங்கும் பின்கோடு எல்லாவற்றுக்கும் டெலிவரி கட்டணம் பூஜ்யம் என்று எழுதிவிடுவார். ஐந்து நிமிட வேலை. ஆனால் தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது. பின்கோடு மாறவில்லை. தென்காசி இன்னும் 627811, சங்கரன்கோவில் 627756. கடைக்காரர் மனத்தில் சங்கரன்கோவில் இருக்கிறதா இல்லையா? பழைய பழக்கத்தில் தென்காசியையும் சேர்த்துத்தான் ‘நம்ம மாவட்டம்’ என்று சொன்னாரா? கோடு எழுதுபவருக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அப்புறம் வள்ளியூர், கூடங்குளம் பக்கம் கூரியர் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் அதற்கும் இலவசமா? ஐந்து கிலோவுக்கு மேல் போனால்?

அட்டையில் இப்படி எழுதுங்கள்: ‘627002-க்கு 2 கிலோ ஆர்டர்: டெலிவரி 0. 627811-க்கு அதே ஆர்டர்: கட்டணம் உண்டு அல்லது 0 (கேட்க வேண்டும்). 600001-க்கு: கட்டணம் உண்டு.’ இதை அப்படியே கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம். இலவச டெலிவரி விதிமுறை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் படிக்க மாட்டார். மூன்று ஆர்டரைக் காட்டிக் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். பின்னால் டெஸ்ட் எழுதும்போது இதே மூன்று வரிதான் டெஸ்டாகவும் மாறும்.

படி 4: கிட்டில் ஒரே வழி

கோடில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் டூல் கிட், 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. பிராஞ்ச் பிரிப்பது அதில் ரொம்ப சுலபம், அதனாலேயே பலர் தேவைக்கு மேல் பிரித்துவிடுகிறார்கள். 2010-ல் வின்சென்ட் டிரீசன் எழுதிய கிட்-ஃப்ளோ என்ற முறை பிரபலம்: டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று பல பிராஞ்ச். 2020-ல் அவரே தன் கட்டுரையின் மேலே ஒரு குறிப்புச் சேர்த்து, தொடர்ந்து வெளியிடப்படும் வெப் செயலிகளுக்கு இதைவிட எளிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நாலு பேருக்கு நிச்சயமாக எளியதே போதும்.

மெயின் பிராஞ்ச் எப்போதும் சர்வருக்கு ஏற்றக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரு பிராஞ்ச், பிராஞ்ச் பெயரில் அட்டை எண். இரண்டு நாளுக்கு மேல் ஒரு பிராஞ்ச் உயிரோடு இருந்தால் அட்டை பெரிதாக இருக்கிறது என்று பொருள், உடைத்துச் சிறிதாக்குங்கள். மெயினுக்குள் நேராக யாரும் புஷ் செய்யக்கூடாது (கோடை ஏற்றக்கூடாது), குழுவைத் தொடங்கியவரும்தான். புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கலாமா என்ற கோரிக்கை) போட்டு இன்னொருவர் படித்த பிறகே மெர்ஜ், அதாவது மெயினோடு சேர்ப்பது.

அந்தப் படிப்பைப் பற்றி (இதையும் ரிவ்யூ என்பார்கள்) ஒரு வார்த்தை. 300 வரிக்கு மேல் போன புல் ரிக்வெஸ்டை யாரும் படிப்பதில்லை, மேலும் கீழும் உருட்டிவிட்டு ‘ஓகே’ போடுகிறார்கள். சிறிதாக அனுப்புங்கள். படிப்பவர் அன்றைக்கே படித்துவிட வேண்டும், காலை வந்ததும் முதல் வேலையாக வைத்துக்கொண்டால் நல்லது. ‘இது தப்பு’ என்று எழுதாமல், ‘இங்கே ஷாப்பிங் கார்ட் காலியாக இருந்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். கல்லூரியிலிருந்து நேரே வந்த பிள்ளைகள் முதல் ரிவ்யூவில் முகம் வாடுவார்கள். சீனியரின் கோடை ஜூனியரும் ரிவ்யூ செய்யட்டும், வாட்டம் ஒரு மாதத்தில் போய்விடும். இன்னும் ஒரு வழி, கென்ட் பெக் 1990-களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பேரில் பரப்பிய ஜோடி வேலை: ஒரே திரை முன் இரண்டு பேர். நாள் முழுவதும் வேண்டாம், புதிதாகச் சேர்ந்தவரோடு தினம் ஒரு மணி நேரம் போதும்.

பாஸ்வேர்டு, பேமென்ட் கீ எதுவும் ரெப்போவுக்குள் (கிட்டில் கோடு முழுவதும் இருக்கும் இடம்) போகக்கூடாது. தெரியாமல் போய்விட்டால் அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது இருந்துகொண்டேதான் இருக்கும். கீயையே மாற்ற வேண்டும்.

படி 5: பெயரும் பாணியும்

இதில் வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். இடைவெளி, மேற்கோள்குறி, வரி நீளம் எல்லாவற்றையும் பிரெட்டியர் என்ற டூலிடம் விட்டுவிடுங்கள், சேவ் செய்தால் அதுவே சரிசெய்யும். தப்பு பிடிக்க ஈஎஸ்லின்ட். இரண்டின் செட்டிங்ஸும் ரெப்போவுக்குள்ளேயே இருக்கட்டும், அப்போதுதான் எல்லார் லேப்டாப்பிலும் ஒன்றாக நடக்கும்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸுக்கு மட்டும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். யாண்டெக்ஸ் கம்பெனியில் உருவான பெம் என்ற பெயரிடும் முறை ஒன்று: முதலில் பகுதி, இரண்டு அடிக்கோடு போட்டு உறுப்பு, இரண்டு இணைப்புக்குறி போட்டு அதன் மாறுபாடு. பாய் விற்கும் பக்கத்தில் ஒரு பொருளின் விலையை ‘பாய்-அட்டை__விலை--தள்ளுபடி’ என்று பெயரிடலாம். (சிஎஸ்எஸ்ஸில் தமிழ்ப் பெயரும் செல்லும், பிரவுசர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் டீமில் தமிழ் டைப்பிங் எல்லாருக்கும் வராது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.) மற்றொன்று 2017-ல் ஆடம் வேதன் வெளியிட்ட டெயில்விண்ட்: பெயர் வைக்கும் தலைவலியே இல்லை, சின்னச் சின்ன கிளாஸ்களை (தயாராக இருக்கும் தோற்றக் குறிப்புகளை) எச்டிஎம்எல்லிலேயே சேர்த்துவிடுவது. ரியாக்ட் மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து எழுதும் குழுவுக்கு டெயில்விண்ட். வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்தும் ரெடிமேட் மென்பொருள்) தீம் அதிகம் செய்தால் பெம். இரண்டையும் ஒரே ப்ராஜெக்டில் கலக்காதீர்கள்.

வேர்ட்பிரஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்து வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. உள்ளூர்க் கடை வேலையிலும் பெரும்பகுதி அதுதான். “அது வேர்ட்பிரஸ்தானே, கிட் எதுக்குண்ணே?” என்ற பேச்சு எல்லா ஆபீஸிலும் வரும். விடாதீர்கள். சைல்ட் தீம் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் எழுதும் துணைத் தீம்) போட்டு அதை ரெப்போவில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சைட்டின் டாஷ்போர்டுக்குள் போய் தீம் ஃபைலைத் திருத்தும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள். அங்கே திருத்தியதை யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று எங்கும் பதிவாகாது.

படி 6: டெஸ்ட்

எல்லாவற்றுக்கும் எழுத உங்களுக்கு நேரம் இருக்காது. பணம் கைமாறும் இடம், டெலிவரிக் கணக்கு, லாகின், இந்த மூன்றுக்கு மட்டும் கட்டாயம் எழுதுங்கள். தொகையை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், ஜிஎஸ்டி கணக்கில் இது பல்லிளிக்கும். ஆன்லைன் பேமென்ட் வாங்கித்தரும் ரேஸர்பேயும் தொகையைப் பைசாவில்தான் வாங்குகிறது, அதன் டெஸ்ட் மோடில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். மற்றபடி ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில், டேட்டா மெதுவாக இருக்கும் இடத்தில் நின்று ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

படி 7: சர்வரும் மழையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் போயின. அந்த மாதிரி ஒரு வாரம் மறுபடியும் வந்தால் உங்கள் கிளையன்டின் சைட்டை யார், எங்கிருந்து பார்ப்பார்கள் என்பதும் முறையின் ஒரு பகுதிதான்.

சாயங்காலம் லேப்டாப்பை மூடும் முன் அன்றைய வேலையைப் புஷ் செய்வது வழக்கமாகட்டும், பாதி முடிந்திருந்தாலும் சரி. சர்வருக்குள் நுழையும் உரிமை எப்போதும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அந்த இருவரும் ஒரே தெருவில் குடியிருந்தால் மூன்றாவதாக வெளியூரில் ஒருவர். டேட்டாபேஸ் பேக்கப் தினமும் தானாக நடக்கட்டும். சர்வர் இருக்கும் அதே மெஷினில் வைத்தால் அது பேக்கப் ஆகாது. மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து சைட்டை வேறொரு இடத்தில் எழுப்பிப் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பிக்கொண்டிருக்கும் ஆபீஸ்கள் நிறைய.

டெப்ளாய், அதாவது கோடை சர்வருக்கு ஏற்றுவது, ஒரே கட்டளையில் முடிய வேண்டும், திரும்பப் பழையபடி ஆக்குவதும் ஒரே கட்டளையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். இனிப்புக் கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க வேண்டாம்.

படி 8: ஆறு வாரம் ஓட்டிப் பாருங்கள்

தேர்ந்தெடுத்ததை ஆறு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். இடையில் யாராவது புது டூல் ஒன்றைக் காட்டுவார்கள், அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டே எண்ணைக் குறித்து வையுங்கள்: ஒரு அட்டை தொடங்கியதிலிருந்து முடியும்வரை எத்தனை நாள், டெப்ளாய் செய்த பிறகு திரும்பி வந்த பக் எத்தனை. ஆறாவது வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தக் கூட்டத்தை, எந்த விதியை எடுத்துவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று பேசி, எடுத்துவிடுங்கள். சேர்ப்பதைவிட எடுப்பதில்தான் சிறு குழுவுக்கு லாபம்.

ஆள் போவதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ வேலை கற்றுக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போவது இயல்பு, அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ரெப்போவிலும் ஒரு ரீட்மீ ஃபைல் இருக்கட்டும்: லேப்டாப்பில் ஓடவைப்பது எப்படி, டெப்ளாய் எப்படி, கிளையன்ட் பக்கம் யாரிடம் பேச வேண்டும், அவரை எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார். புதிதாகச் சேர்பவர் முதல் நாள் அதை மட்டும் பார்த்து சைட்டைத் தன் லேப்டாப்பில் ஓடவைக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை அவரே ரீட்மீயில் திருத்தி, தன் முதல் புல் ரிக்வெஸ்டாக அனுப்பட்டும்.

போகிறவரின் கடைசி நாளில் அவருடைய கிட்ஹப், சர்வர், ஹோஸ்டிங் அனுமதிகளை எடுத்துவிடுங்கள், பொதுவாக வைத்திருந்த பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். டொமைன் பெயரை (சைட்டின் முகவரியை) எப்போதும் கிளையன்டின் பேரிலும் கிளையன்டின் இமெயிலிலுமே பதிவு செய்யுங்கள். உங்கள் பேரில் வைத்துக்கொண்டால் கிளையன்ட் ஓடிப்போக மாட்டார் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அண்ணாச்சியிடம் இமெயில் இல்லையென்றால், அவர் போனிலேயே ஒன்று திறந்துகொடுத்து, அதன் பாஸ்வேர்டை அவர் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் டொமைனை வாங்குங்கள்.